காப்பகங்கள் நிரம்புவது யாரால்? நாய் இனப்பெருக்கத்தை முழுவதும் தடை செய்யலாமா?

வாசகர் கேள்வி
24.08.2025

தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 11ஆம் தேதி உத்தரவிட்டது. 22ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இரண்டு வாரமாக எங்கே திரும்பினாலும் தெருநாய்ப் பேச்சுதான். விலை கொடுத்து வாங்கிப் பிறகு தூக்கி எறியப்படும் நாய்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. காசுக்காகக் குட்டி உற்பத்தி செய்யும் ப்ரீடர்கள் இருக்கும்வரை காப்பகங்கள் நிரம்பி வழியத்தான் செய்யும். விற்கப்படும் ஒவ்வொரு குட்டியும், காத்திருக்கும் ஒரு நாயின் வீட்டைப் பறிக்கிறது. இனப்பெருக்கத்தை அடியோடு தடை செய்தால் பத்தே ஆண்டில் காப்பகங்கள் காலியாகிவிடும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

24.08.2025, இரவு

காரணத்தோடு வருகிறேன். சென்னைக்குத் தெற்கே ஒரு காப்பகத்தில் பல ஆண்டுகளாகத் தன்னார்வலராக வேலை செய்கிறேன். கூண்டு கழுவுவது, மருந்து கொடுப்பது, தத்துக் கேட்டு வருபவர்களிடம் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் இரண்டு வேறு கூட்டங்களை நீங்கள் ஒன்றாகக் கட்டுகிறீர்கள்.

தெருவில் பிறக்கும் நாய்க்கும் ப்ரீடருக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. அது தெருவிலேயே கருவாகி, தெருவிலேயே பிறந்து, பெரும்பாலும் தெருவிலேயே சாகிறது. சட்டப்படி அதைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் அடையாளம் வெட்டி, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும். 2001 விதிகளும் அதைத்தான் சொல்லின, 2023இல் வந்த புதிய விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. அதனால் அந்த நாய் எங்கள் கூண்டில் இருப்பது சில நாட்கள்தான்.

இரவில் எங்கள் கேட்டில் கட்டிப்போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்களே, அந்த லாப்ரடார் வருடக்கணக்கில் இருக்கும். அதைத் தெருவில் விட முடியாது. போக்குவரத்து தெரியாது, எச்சில் இலையில் சண்டை போட்டுத் தின்னத் தெரியாது, மற்ற நாய்கள் அன்றைக்கே குதறிவிடும். எண்ணிக்கையில் தெருநாய்கள் எத்தனையோ மடங்கு அதிகம். ஆனாலும் காப்பகத்தில் ஒரு கூண்டு எத்தனை காலம் அடைபடுகிறது என்று பார்த்தால் வாங்கி எறிந்த நாய்தான் முன்னால் நிற்கிறது. நீங்கள் சொல்லும் ‘நிரம்பி வழிதல்’ இங்கேதான் நடக்கிறது. இதைப் பேசுவோம். தெருநாயை இதற்குள் இழுக்க வேண்டாம்.

25.08.2025

எண்ணிக்கை கேட்டவருக்கு: சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 2018 கணக்கெடுப்பில் 57,366 தெருநாய்கள். 2024இல் ஏறத்தாழ 1.81 லட்சம். இரண்டும் தெருவில் எண்ணியவை. வீட்டில் வளர்ப்பவையோ காப்பகத்தில் இருப்பவையோ இதில் இல்லை.

27.08.2025

ஒரு பெட்டை நாயும் அதன் வாரிசுகளும் ஆறு ஆண்டில் 67,000 நாய்களாகும் என்ற சுவரொட்டிக் கணக்கை மூன்று பேர் இங்கே ஒட்டியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் கருத்தடைப் பிரசாரத்துக்காகப் போட்ட பழைய கணக்கு அது. பிறக்கும் குட்டி ஒன்றுகூடச் சாகாது, எல்லாப் பெட்டையும் தவறாமல் ஈனும் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எண் வரும். மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 364 குட்டிகளில் இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம். இறப்புகளில் பாதிக்கு மேல் மனிதர்களால் நேர்ந்தவை. வண்டிச் சக்கரம், விஷம், தாயிடமிருந்து தூக்கிக்கொண்டு போவது என்று காரணங்கள்.

கருத்தடை தேவை என்பதற்கு இந்த உண்மையான கணக்கே போதும். ஐந்தில் நான்கு குட்டி சாவதற்காகவே பிறக்கிறது என்றால் அதைவிட வலுவான வாதம் எதற்கு? பொய்க் கணக்கைச் சொல்லிவிட்டு மாநகராட்சி அதிகாரி முன்னால் போய் நின்றால், அவர் நாம் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார்.

31.08.2025, ஞாயிறு

கேட்டில் என்னதான் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பக். 2003இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரம் வந்தது, ஒரு சிறுவன் பின்னாலேயே ஒரு பக் ஓடும். அதற்கு முன் அந்த இனத்தின் பெயர்கூடத் தெரியாத வீடுகளில் அதற்கு முன்பதிவு நடந்தது. தட்டையான முகம், குறுகிய மூக்குத் துவாரம். உடம்புச் சூட்டை மூச்சால் வெளியேற்றுவதுதான் நாயின் வழி, இதற்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது. மே மாதத்தில் சென்னையில் மாடிப்படி ஏறினாலே நாக்கு நீலம் பாரிக்கும். கண் பிதுங்கி இருப்பதால் எதிலாவது இடித்துப் புண்ணாகும், முக மடிப்பில் சீழ் பிடிக்கும். மருத்துவச் செலவு ஏறியதும் கேட்டுக்கு வந்துவிடும்.

அடுத்து ஹஸ்கி. சைபீரியப் பனிக்காக இரட்டை மயிர்ப் போர்வையோடு உருவான இனத்தைப் பெரும்பாக்கத்து அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் வைத்து வளர்க்கிறார்கள். பகலெல்லாம் குளிர்சாதனம் ஓடினால்தான் அது படுத்திருக்கும். ஆறு மாத மின்கட்டணத்துக்குப் பிறகு ‘ஊருக்கு மாற்றலாகிவிட்டது’ என்று கொண்டுவருவார்கள்.

என்னை இரவில் தூங்கவிடாதவை தாய் நாய்கள். ஆறேழு வயது, முலைகள் தரை தொடத் தொங்கும், சில நேரம் முலையில் கட்டி. முழங்கைகளில் சிமெண்ட் தரையில் கிடந்த காய்ப்பு. நகம் தேயாமல் வளைந்து சதையில் ஏறியிருக்கும், ஏனென்றால் அது நடந்ததே இல்லை. கர்ப்பப்பையில் சீழ் கட்டி நாற்றத்தோடு வரும். கழுத்தில் பட்டை இருந்த தடம்கூட இருக்காது, கூண்டில் இருந்த நாய்க்குப் பட்டை எதற்கு? எத்தனை ஈற்று எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு கோல்டன் ரெட்ரீவர் வந்து முதல்முறை புல்தரையில் விட்டபோது காலை வைக்கப் பயந்து திண்ணை விளிம்பிலேயே நின்றது. புல் என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை. அன்றைக்கு நானும் உங்களைப்போல்தான் சொன்னேன், இந்தத் தொழிலையே ஒழிக்க வேண்டும் என்று.

02.09.2025

கோவையிலிருந்து எழுதியவர் தன்னைப் பதிவு பெற்ற ப்ரீடர் என்கிறார். ‘எங்களை எல்லாம் குற்றவாளிகள் ஆக்காதீர்கள், விதிப்படி நடக்கிறோம்’ என்கிறார். நியாயமான பேச்சு. அந்த விதி என்ன என்பது இங்கே பலருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளைக் கொண்டுவந்தது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் குட்டி எடுத்து விற்கக் கூடாது. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறையாமல் இணை சேர்க்கக் கூடாது, எட்டு வயதுக்கு மேலும் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தோலுக்கடியில் அடையாள எண் உள்ள மைக்ரோசிப் பதிக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும்.

படித்தால் மனம் குளிர்கிறது. ஆனால் கேட்டில் வந்து விழும் நாய்களில் சிப் இருக்கிறதா என்று கருவியை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் கருவி சத்தமே போடாது. கே.சி.ஐ. எனப்படும் இந்தியக் கென்னல் கழகத்தின் இனச் சான்றிதழ் உள்ள நாயும் வந்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் தாய் தகப்பன் யார் என்று சொல்லும். தாய் எப்படி வைக்கப்பட்டிருந்தாள் என்று சொல்லாது.

கோவைக்காரரிடம் ஒரே கேள்வி. நீங்கள் விற்ற நாயை ஐந்து வருடம் கழித்து வாங்கியவர் வேண்டாம் என்றால், நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?

03.09.2025

எடுத்துக்கொள்வாராம். விற்கும்போதே எழுதிக் கொடுக்கிறாராம், அப்படித் திரும்பி வந்த இரண்டு நாய்கள் இப்போதும் அவர் வீட்டில் இருக்கின்றனவாம். படமும் போட்டிருக்கிறார். இவரைப் போன்றவர்கள் எங்கள் கேட்டுக்கு நாய் அனுப்புவதில்லை. இவரை மூடிவிட்டால் எனக்கு ஒரு கூண்டுகூட மிஞ்சாது.

03.09.2025, இரவு

அப்படியானால் யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டதற்கு.

கூண்டுப் பண்ணைக்காரர்கள் ஒரு பக்கம். ஆனால் நான் பார்த்த அளவில் அவர்களுக்குச் சமமாக இன்னொரு கூட்டம் உண்டு, நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரு பெட்டை வளர்ப்பார்கள். ‘ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் அதன் உடம்புக்கு நல்லது’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தெரிந்தவர் வீட்டுக் கடுவனோடு சேர்ப்பார்கள், கடுவன்காரருக்குக் கூலியாக ஒரு குட்டி. மிச்சம் ஏழோ எட்டோ. இரண்டைச் சொந்தக்காரர்கள் வாங்குவார்கள். மற்றவை வாட்ஸ்அப் குழுவில் போகும், அல்லது ஒரு தரகர் மொத்தமாக எடுத்துக்கொண்டு போவார். அவர் யாரிடம் விற்றார் என்று கேட்டால் வீட்டுக்காரருக்குத் தெரியாது. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் நாய்க்கு உயிரையே கொடுப்பார்கள். ஆனால் அதன் குட்டிகளில் ஒன்று இரண்டு ஆண்டு கழித்துப் பழைய மாமல்லபுரம் சாலையோரம் அலையும்போது அதைத் தேடி வருபவர் யாருமில்லை.

உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. குட்டி போடாத பெட்டைக்கு எந்தக் குறையும் வராது. முதல் பருவங்களுக்கு முன்பே கருத்தடை செய்தால் முலைக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது, கர்ப்பப்பைச் சீழ் வர வழியே இல்லை. இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு கால்நடை மருத்துவரும் முதல் தடுப்பூசியின்போதே சொன்னால் என் வேலை பாதி குறையும்.

07.09.2025

தடை கேட்பவர்களிடம் நான் சொல்லத் தயங்கிய பெரிய காரணம் வேறு. சிப்பிப்பாறை என்ற நம் நாட்டு நாய்.

என் தாத்தா ஊர் சாத்தூர்ப் பக்கம். வீட்டில் எப்போதும் ஒரு சிப்பிப்பாறையோ கன்னியோ இருக்கும். ஒட்டிய வயிறு, நீண்ட முகம், கம்பங்கூழையும் மோரையும் குடித்துவிட்டு முயலின் பின்னால் கரிசலில் ஓடும். அந்த நாயின் அழகு ஓட்டத்தில்தான் தெரியும், நிற்கும்போது வற்றிய உடம்புபோல்தான் இருக்கும். ராஜபாளையம் வெள்ளை, மூக்கு ரோஜா நிறம், காவலுக்கு. கோம்பை தேனி மலையடிவாரத்து நாய். இவற்றைத் தலைமுறை தலைமுறையாக இணை பார்த்துச் சேர்த்துத்தான் காப்பாற்றினார்கள். இனப்பெருக்கத்தை அடியோடு தடை செய்தால் முதலில் அழிவது பக் இல்லை. பக் உலகம் முழுக்க இருக்கிறது. சிப்பிப்பாறைக்கு வேறு நாடு இல்லை.

தாத்தா யாருக்குக் குட்டி கொடுத்தார் என்று அவருக்குத் தெரியும். விலை கிடையாது. கேட்டு வந்தவரின் நிலம் எங்கே, ஆடு எத்தனை, முன்பு வைத்திருந்த நாய் எப்படிச் செத்தது என்றெல்லாம் விசாரிப்பார். அடுத்த திருவிழாவில் அந்த ஊருக்குப் போனால் நாயைப் பார்த்துவிட்டுத்தான் விருந்தில் உட்காருவார்.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம். நிறுத்துவது நேர்மையாகாது. பெட்டைக் குட்டிகளை யாரும் கேட்டு வரமாட்டார்கள். ஓர் ஈற்றில் இரண்டு மூன்றைத்தான் வைத்துக்கொள்வார்கள், தாய்க்குப் பால் போதாது என்பார்கள். மற்றவை என்ன ஆயின என்று பாட்டியிடம் கேட்டேன். ஒரே ஒருமுறை சொன்னாள், கிணற்றைக் காட்டி. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அந்தக் காலத்தில் காப்பகம் இல்லாமல் ஊர் சமாளித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே பழைய முறைக்கே திரும்புவோம் என்று நாட்டு நாய் அன்பர்கள் எழுதும்போது என்னால் அப்படியே தலையாட்ட முடியவில்லை. தாத்தாவின் விசாரணை வேண்டும். கிணறு வேண்டாம். இன்றைக்குக் கிணற்றுக்குப் பதில் கருத்தடை இருக்கிறது.

08.09.2025

நேற்று எழுதியதற்கு வந்த வசைகளைப் படித்தேன். எங்கள் ஊரில் அப்படிச் செய்யவே இல்லை என்கிறார்கள் சிலர். உங்கள் ஊரில் செய்யவில்லை என்றால் எனக்கு மகிழ்ச்சி. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

ராஜபாளையம் பற்றியும் ஒன்று. 2005இல் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது, முதோல், ராம்பூர், இமாலய ஆட்டு நாயோடு சேர்த்து. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு இனங்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பெருமைதான். ஆனால் அதன் பிறகு எங்கள் கேட்டுக்கும் அந்த இனங்கள் வர ஆரம்பித்தன. பத்து ஏக்கரைக் காவல் காக்கப் பிறந்த நாயை இரண்டு படுக்கையறை வீட்டில் சங்கிலியில் கட்டினால் அது கடிக்கும். கடித்தால் கொண்டுவந்து விடுவார்கள். தூய வெள்ளைக்காகவே பொறுக்கிச் சேர்த்ததில் காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன. கூப்பிட்டால் வராத நாய் முரட்டு நாய் என்று பெயர் வாங்குகிறது. எங்களிடம் ஒரு ராஜபாளையம் இருக்கிறது, கையசைவிலேயே உட்காரும், எழும், வரும். காது கேட்காது என்பதை அதன் வீட்டார் கண்டுபிடிக்கவே இல்லை.

நாட்டு இனம் என்பதால் வளர்ப்பவருக்கும் விற்பவருக்கும் பொறுப்பு குறைந்துவிடாது.

09.09.2025

அரசே இனப்பெருக்கம் செய்யட்டும் என்றவருக்கு: செய்தது. சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை 1980களிலிருந்து நடத்திய நாய் இனப்பெருக்கப் பிரிவு 2016இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மூடப்பட்டது. நாட்டு இனத்தை அழிக்கும் சதி என்று அப்போது பேசினார்கள். அரசுப் பலகை தொங்கினால் மட்டும் கூண்டு நல்ல கூண்டாகிவிடாது என்பதுதான் என் எண்ணம். நாய்க்கு மனிதரோடு வாழ வேண்டும். வரிசைக் கூண்டில் பிறந்து வளரும் குட்டி எந்த இனமானாலும் பயந்த நாயாகவோ கடிக்கும் நாயாகவோதான் வெளியே வரும்.

14.09.2025

முதல் கேள்வியில் இருந்த ஒரு வரியை ஒரு வாரமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். ‘விற்கப்படும் ஒவ்வொரு குட்டியும் ஒரு காப்பக நாயின் வீட்டைப் பறிக்கிறது.’

அப்படியே ஏற்க முடியவில்லை. குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக எட்டு வாரக் குட்டி தேடுபவர், அது கிடைக்காவிட்டால் எங்களிடம் வந்து ஒரு கண் தெரியாத ஏழு வயதுக் கறுப்பு நாயை எடுத்துப்போகப் போவதில்லை. அவர் வாங்காமல் இருப்பார், அல்லது பெங்களூரிலிருந்து வரவழைப்பார். எங்களிடம் தத்தெடுப்பவர்கள் வேறு வகை மனிதர்கள். பெரும்பாலும் முன்பே ஒரு நாயோடு வாழ்ந்து, அது செத்தபோது அழுதவர்கள்.

முழுவதும் தள்ளவும் முடியவில்லை. போன மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். லாப்ரடார் குட்டிக்கு முன்பணம் கொடுக்கப் போகும் வழியில், சும்மா பார்க்கலாம் என்று உள்ளே நுழைந்தவர்கள். ஒரு செம்பட்டை நாட்டு நாய் அந்த அம்மாளின் செருப்பில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதோடு முடிந்தது, அவர்கள் குட்டி வாங்கப் போகவே இல்லை. இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வழியில் எங்களைப் பார்க்காமலே போகிறார்கள் என்பதுதான் என்னை அரிக்கிறது. பெரும்பாலான காப்பகங்கள் ஊருக்கு வெளியே, குப்பைமேட்டுக்குப் பக்கத்தில், பஸ் போகாத இடத்தில் இருக்கின்றன. குட்டி விற்பவரோ கைப்பேசியில் இருக்கிறார். பறிக்கப்படுகிறது என்பதைவிட, நாய் இருப்பதே கண்ணில் படாமல் போகிறது என்றால் சரியாக இருக்கும்.

இன்னொரு தடை வீட்டு உரிமையாளர். அடுக்ககச் சங்கங்கள் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் உண்டு. வாடகைக்கு விடுபவர் ‘நாய் இருந்தால் வீடு இல்லை’ என்றால் எந்த வழிகாட்டுதலைக் காட்டுவது? தத்துப் போய்த் திரும்பிவந்த நாய்களில் பல இந்தக் காரணத்தால் வந்தவை. அவற்றுக்கு எந்த ப்ரீடரைக் குறை சொல்வது?

21.09.2025

வெளிநாட்டைப் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்த்தேன்.

அமெரிக்கக் காப்பகங்களில் 1970களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். இப்போது அது பத்து லட்சத்துக்குக் கீழே வந்திருக்கிறது. இனப்பெருக்கத்தை யாரும் அடியோடு தடை செய்யவில்லை. வீட்டு நாய்க்குக் கருத்தடை என்பது வழக்கமாக மாறியதும், தத்தெடுப்பு பெருகியதும்தான் முக்கியக் காரணங்கள். கலிஃபோர்னியா 2019 முதல் கடைகளில் காப்பக விலங்குகளை மட்டுமே வைக்கலாம் என்று சட்டம் போட்டது. அவர்கள் வாதம் முழுக்கக் கொல்வதா வேண்டாமா என்பதைச் சுற்றியது. நமக்கு அந்த வாதம் இல்லை. சென்னையில் மாநகராட்சி நாய்களைக் கொல்வதை நிறுத்தி 1996இல் கருத்தடைக்கு மாறியது, விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964 முதலே அதை வலியுறுத்திச் செய்துகொண்டிருந்தது. ஆரோக்கியமான நாயைக் கொல்ல இங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதனால்தான் எங்கள் கூண்டுகள் காலியாவதில்லை. வந்த நாய் தத்துப் போக வேண்டும், இல்லையேல் அதன் ஆயுள் முடிய வேண்டும்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த லூசி சட்டம். லூசி என்பது ஒரு தாய் நாய். வேல்ஸ் பகுதியில் குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013இல் மீட்கப்பட்டது, கூண்டில் கிடந்தே இடுப்பு இறுகிப்போயிருந்தது. அந்தச் சட்டப்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைத் தரகரோ கடையோ விற்கக் கூடாது. பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். அல்லது காப்பகத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாயைப் பார்த்துவிட்டால் பாதிப் பேர் வாங்கமாட்டார்கள். தொங்கும் முலையையும் வளைந்த நகத்தையும் பார்த்த பிறகு எந்தக் குடும்பம் அங்கே பணம் கொடுக்கும்? தடையைவிட இது கூர்மையானது. நல்ல ப்ரீடருக்கு இதில் பயமில்லை, கோவைக்காரர் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார். தரகருக்கு மட்டும் பிழைப்பு போகும்.

10.11.2025

கொஞ்ச நாள் எழுத முடியவில்லை. மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய், ஒழுகும் கூரை எல்லாம் சேர்ந்துவிட்டன.

7ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் புதிய உத்தரவைப் படித்திருப்பீர்கள். பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் இவற்றிலிருந்து பிடிக்கும் நாய்களைக் கருத்தடைக்குப் பிறகும் அதே இடத்தில் விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்கிறது. முதல் நாள் நான் எழுதியதை இதனோடு சேர்த்துப் படியுங்கள். தெருநாய் சில நாட்களில் திரும்பிவிடும் என்ற அடிப்படையே இந்த இடங்களுக்கு மாறுகிறது. குழந்தைகள் கடிபடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, வெறிநோயில் ஒரு குழந்தை சாவதைவிடக் கொடியது எதுவுமில்லை. ஆனால் அந்த நாய்களுக்கு இடம் எங்கே? இருக்கும் கூண்டில் எறியப்பட்ட லாப்ரடார் கிடக்கிறது. இனி ஒரு வீட்டு நாயைக் கைவிடுபவர், ஒரு பள்ளி வாசல் நாய்க்கான இடத்தையும் எடுத்துக்கொள்கிறார். இந்தத் தொடர்பை இங்கே யாராவது நாளிதழில் வேலை செய்பவர் இருந்தால் எழுதுங்கள்.

11.11.2025

பார்வோவுக்குத் தடுப்பூசி இல்லையா என்று கேட்டவருக்கு: உண்டு. ஆறு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து விற்கும் குட்டிகள்தான் அதிகம் சாகின்றன. எட்டு வாரம் என்று விதியில் எழுதியிருப்பது அலங்காரத்துக்காக இல்லை.

30.11.2025

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றதும் மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் கூட்டம் அலைமோதுகிறது. நானும் ஒரு முகாமில் வரிசையை ஒழுங்குபடுத்தப் போயிருந்தேன். மூதாட்டி ஒருவர் தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாயைச் சேலைத் தலைப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், அதற்கும் ஓர் எண் கிடைத்தது. என் கண் நிறைந்துவிட்டது.

தடை வேண்டாம் என்றால் வேறு என்னதான் வேண்டும் என்று இழையைத் தொடங்கியவர் மறுபடி கேட்கிறார். இந்தச் சிப்தான் என் பதில். அது இப்போது வளர்ப்பவரைக் காட்டிக்கொடுக்கும். வளர்ப்பவரை மட்டும் பிடித்தால், அவர் நாயை எறிவதற்கு முன் சிப் போடாமல் இருந்துகொள்வார். குட்டி பிறந்த வீட்டிலேயே சிப் ஏற வேண்டும். முதல் பெயர் இணை சேர்த்தவருடையதாக இருக்க வேண்டும், பதிவு பெற்ற ப்ரீடரானாலும் சரி, ‘ஒரே ஓர் ஈற்று’ வீட்டுக்காரரானாலும் சரி. ஒவ்வொரு கைமாற்றமும் அதன்கீழ் ஏற வேண்டும். கேட்டில் கட்டிவிட்டுப் போன நாயில் நாங்கள் கருவியை வைத்தால் கடைசிப் பெயருக்கு முதல் அழைப்பு, அவர் எடுக்காவிட்டால் முதல் பெயருக்கு. தாத்தா திருவிழாவுக்குப் போய் விசாரித்ததை இப்போது ஓர் எண் செய்யும்.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். 2017 விதியில் சிப்பும் பதிவேடும் இருக்கின்றன. அவற்றை மாநகராட்சி உரிமத்தோடு இணைத்தால் போதும். பதிவு எண் இல்லாத குட்டி விளம்பரத்தைக் கண்டால் புகார் கொடுக்க ஒரு தொலைபேசி எண், அதை எடுக்க ஓர் ஆள்.

21.12.2025

பிட்புல், ராட்வைலர் இனங்களுக்கு இனிப் புதிய உரிமம் இல்லை என்று மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது. காரணம் புரிகிறது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் குதறின. இந்த ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். அந்தக் குடும்பங்கள் முன்னால் நின்று நாய்க்காகப் பேச எனக்கு நா எழாது.

ஆனால் 2024 மார்ச்சில் மத்திய அரசு இருபத்து மூன்று இனங்களைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? அடுத்த மாதமே தில்லி, கர்நாடக உயர் நீதிமன்றங்கள் அதை நீக்கிவிட்டன. அதற்குள் பயந்துபோனவர்கள் நாய்களைக் கொண்டுவந்து எங்கள் கேட்டில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று முதல் தொலைபேசி மறுபடி அப்படி ஒலிக்கிறது. தடையின் முதல் சுமை காப்பகத்தின்மேல் விழும் என்று ஆகஸ்டிலிருந்து நான் கத்துவது இதற்காகத்தான்.

ராட்வைலர் வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு: ஏற்கெனவே உரிமம் வாங்கியிருந்தால் நாயைக் கைவிட வேண்டிய அவசியம் இல்லை. பொது இடத்தில் வாய்மூடியும் வாரும் இல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். குழந்தை இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகவே போகாதீர்கள். கருத்தடை செய்துவிடுங்கள், கடுவனானாலும். இந்த வாரம் எங்கள் மருத்துவர் காலை வேளைகளில் இருக்கிறார், கட்டணம் இல்லை. முந்தின இரவு பத்து மணிக்கு மேல் சோறு வைக்காமல், தடுப்பூசி அட்டையோடு அழைத்து வாருங்கள். வண்டி இல்லாதவர்கள் இங்கேயே எழுதுங்கள், தாம்பரம் பக்கத்திலிருந்து வரும் இருவர் தங்கள் வண்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.